ராமோஜி திரைப்பட நகரம்: நிகழ்ச்சிகளும் காட்சியகங்களும்

ராமோஜி திரைப்பட நகரம் தெலங்கானாவின் தலைநகரான ஐதராபாத்துக்கு வெளியே, விஜயவாடா நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்துள்ள படப்பிடிப்பு வளாகமும் பொழுதுபோக்குப் பூங்காவும் ஆகும். 1996இல் தொடங்கப்பட்டது. 1,666 ஏக்கர் (சுமார் 674 ஹெக்டேர்) பரப்பில் விரிந்துள்ள இவ்வளாகத்தை உலகின் மிகப்பெரிய திரைப்படப் படப்பிடிப்பு வளாகமாக கின்னஸ் நூல் பதிவு செய்துள்ளது. ஒருபுறம் படப்பிடிப்பு நடந்துகொண்டிருக்க, மறுபுறம் சீட்டு வாங்கி வந்தவர்கள் சுற்றிப் பார்க்கிறார்கள். பொழுதுபோக்குப் பூங்காக்களில் வழக்கமாகக் காணப்படும் ராட்டினங்களும் சவாரிகளும் இங்கே உண்டு. ஆயினும் இதன் தனித்தன்மை வேறு. படத்தைக் காட்டுவதைவிட, படம் எடுக்கக் கையாளப்படும் உத்திகளையே காட்சிப்பொருளாக்கிய இடம் இது.

அமைவிடம்

வளாகம் ரங்காரெட்டி மாவட்டத்தின் அப்துல்லாபூர்மெட் பகுதியில், அனாஜ்பூர் கிராமத்தை ஒட்டி உள்ளது. ஐதராபாத் நகர மையத்திலிருந்து ஏறத்தாழ 30 கி.மீ. தொலைவு. பாறைக் குன்றுகளும் முட்புதர்களும் நிறைந்த தக்காணத் தரிசு நிலம் இது. நிலத்தைச் சமன்படுத்தி எல்லாவற்றையும் ஒரே மட்டத்தில் கட்டாமல், பல இடங்களில் குன்றுகளையும் பாறைகளையும் அப்படியே விட்டு அவற்றைச் சுற்றிச் சாலைகளையும் தோட்டங்களையும் அமைத்தார்கள். மலைப்பாதை, பள்ளத்தாக்கு, கோட்டை மேடு என்று கதை எதைக் கேட்டாலும் வளாகத்துக்குள்ளேயே கிடைக்க இந்த நில அமைப்பு உதவுகிறது. வளாகத்தின் அரங்க வடிவமைப்பில் கலை இயக்குநர் நிதீஷ் ராய் முக்கியப் பங்கு வகித்தார்.

பின்னணி

படப்பிடிப்பைக் கட்டணம் வாங்கிக்கொண்டு காட்டுவது திரைப்படத் தொழிலைப் போலவே பழைய வழக்கம். அமெரிக்காவில் கார்ல் லெம்லே 1915 மார்ச்சில் யுனிவர்சல் சிட்டியைத் திறந்தபோதே, 25 சென்ட் கட்டணத்தில் பொதுமக்களை உள்ளே விட்டார். அந்தக் கட்டணத்துக்குள் மதிய உணவுப் பொட்டலமும் அடக்கம். மௌனப் படக் காலமாதலால் பார்வையாளர்கள் கைதட்டினாலும் கூச்சலிட்டாலும் படத்துக்குக் கேடில்லை. பேசும் படம் வந்ததும் தளத்தில் அமைதி கட்டாயமாயிற்று. பார்வையாளர்களுக்குக் கதவு சாத்தப்பட்டது. 1964இல் யுனிவர்சல் நிறுவனம் டிராம் வண்டிச் சுற்றுலாவாக அதை மீண்டும் தொடங்கியது. இம்முறை உண்மையான படப்பிடிப்பை நம்பியிராமல், பார்வையாளர்களுக்கென்றே தயாரிக்கப்பட்ட வெள்ளம், நிலநடுக்கம், சுறாத் தாக்குதல் போன்ற காட்சிகள் வழிநெடுக அடுத்தடுத்துச் சேர்க்கப்பட்டன. 1955இல் திறக்கப்பட்ட டிஸ்னிலாந்து, திரைக்கதாபாத்திரங்களை மையமாகக் கொண்ட பூங்கா லாபகரமாக நடக்கும் என்பதைக் காட்டியிருந்தது. இவ்விரு மரபுகளும் கலந்ததே இன்றைய திரைப்படப் பூங்கா.

தென்னிந்தியாவில் நெடுங்காலம் தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம் ஆகிய நான்கு மொழிப் படங்களுக்கும் சென்னையே தலைமையிடமாக விளங்கியது. வடபழனி, கோடம்பாக்கம், சாலிகிராமம் பகுதிகளின் தளங்களில்தான் பெரும்பாலான தெலுங்குப் படங்களும் எடுக்கப்பட்டன. 1970களிலிருந்து தெலுங்குத் திரையுலகம் படிப்படியாக ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்தது. தெலுங்கு நடிகர் நாகேஸ்வர ராவ் 1976இல் நிறுவிய அன்னபூர்ணா ஸ்டுடியோ இந்தப் பெயர்ச்சியின் முக்கியக் கட்டம். அதன் உச்சமாக வந்தது ராமோஜி திரைப்பட நகரம்.

நிறுவனர்

செருகூரி ராமோஜி ராவ் (1936–2024) கிருஷ்ணா மாவட்டத்தின் பெதபாருபூடியில் பிறந்தவர். 1974இல் விசாகப்பட்டினத்தில் ‘ஈநாடு’ நாளிதழைத் தொடங்கினார். 1983இல் உஷாகிரண் மூவிஸ் என்ற படத்தயாரிப்பு நிறுவனத்தை ஏற்படுத்தினார். செயற்கைக் காலுடன் ஆடி வென்ற சுதா சந்திரனின் வாழ்க்கையை அவரையே நடிக்கவைத்து எடுத்த ‘மயூரி’ இந்நிறுவனத்தின் படம்; அது தமிழிலும் வெளியானது. 1995இல் ஈடிவி தொலைக்காட்சியும், அடுத்த ஆண்டு திரைப்பட நகரமும் வந்தன. 2016இல் ராமோஜி ராவுக்குப் பத்ம விபூஷண் விருது அளிக்கப்பட்டது. 2024 ஜூன் 8 அன்று காலமான அவருடைய இறுதிச்சடங்கு இவ்வளாகத்திலேயே நடைபெற்றது.

‘கதையோடு வந்து, முடிந்த படத்தோடு திரும்பலாம்’ என்பதே தொடக்க காலம் முதல் இவ்வளாகத்தின் முழக்கம். தளம், வெளிப்புறக் காட்சியிடம், கேமரா, விளக்கு, உடை, ஒப்பனை, ஒலிப்பதிவு, படத்தொகுப்பு, குழுவினர் தங்கும் விடுதி ஆகிய அனைத்தையும் ஒரே சுற்றுச்சுவருக்குள் தருவது அதன் பொருள். முழுக்க இங்கேயே எடுக்கப்பட்ட முதல் படம் என்று குறிப்பிடப்படுவது ஈ.வி.வி. சத்தியநாராயணா இயக்கிய ‘மா நான்னகு பெள்ளி’ (1997) என்ற தெலுங்குப் படம்.

வளாக அமைப்பு

பார்வையாளர்கள் தம் வண்டிகளை நுழைவாயிலில் நிறுத்திவிட்டு வளாகப் பேருந்தில் உள்ளே செல்கிறார்கள். வாயிலிலிருந்து பூங்காவின் மையப்பகுதி பல கி.மீ. உள்ளே இருக்கிறது. ‘யுரேகா’ எனப்படும் அந்த மையம் கோட்டை முகப்புடன் கட்டப்பட்டது. மௌரியர், முகலாயர் காலச் சாயலிலும் அமெரிக்க மேற்கு எல்லைச் சிற்றூர்ச் சாயலிலும் அமைந்த கடைவீதிகளும் உணவகங்களும் அங்கே உள்ளன. காலையில் ஆட்டபாட்டத்துடன் தொடக்க நிகழ்ச்சி நடக்கும். மாலையில் வேடமணிந்த கலைஞர்களின் ஊர்வலத்துடன் நாள் நிறைவடையும்.

அங்கிருந்து சுற்றுலா இரண்டாகப் பிரிகிறது. யுரேகாவைச் சுற்றியுள்ள நிகழ்ச்சிகளையும் சவாரிகளையும் நடந்தே பார்க்கலாம். அரங்குகளையும் தோட்டங்களையும் சிவப்பு நிறத் திறந்த பேருந்துகளில் வழிகாட்டியுடன் சுற்றிவர வேண்டும். படப்பிடிப்பு நடக்கும் பகுதிக்குள் பேருந்து போகாது. அன்றன்றைய படப்பிடிப்பைப் பொறுத்துப் பேருந்து செல்லும் வழியும் மாறும்.

மூவி மேஜிக்

வளாகத்தின் நிகழ்ச்சிகளில் திரைப்படத் தொழிலுக்கு மிக நெருக்கமானது ‘மூவி மேஜிக்’ பகுதியின் செயல்முறை அரங்கு. ஒரு காட்சி எடுக்கப்படுவது, அதற்கு ஒலி சேர்க்கப்படுவது, இரண்டும் இணைக்கப்படுவது என்று மூன்று கட்டங்களாக இது நடக்கிறது. கூட்டம் ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்கு நகர்ந்துகொண்டே பார்க்க வேண்டும்.

எடுத்துக்கொள்ளப்படும் காட்சி, ரமேஷ் சிப்பி இயக்கிய ‘ஷோலே’ (1975) படத்தில் கொள்ளையர் துரத்த பசந்தி குதிரைவண்டியை விரட்டும் காட்சி. பார்வையாளர்களிலிருந்து ஒரு பெண்ணை மேடைக்கு அழைத்து, குதிரை பூட்டாத வண்டியில் உட்காரவைத்து, கையில் கடிவாளக் கயிற்றையும் சாட்டையையும் கொடுப்பார்கள். வண்டி இருந்த இடத்திலேயே நிற்கும். உதவியாளர்கள் அடியிலிருந்து அதை ஆட்டிக் குலுக்குவார்கள். பின்னால் மரம் செடிகளின் உருவங்கள் சுழன்று ஓடும். அந்தப் பெண் ‘சல் தன்னோ’ என்று கத்தியபடி சாட்டையைச் சுழற்ற வேண்டும். மேடையில் பார்க்கும்போது சிரிப்பு வரும். கூட்டம் சிரித்துக்கொண்டுதான் இருக்கும். வண்டியின் சக்கரமோ தரையோ சட்டகத்துக்குள் வராதபடி கேமராவை இடுப்பளவில் நிறுத்தியிருப்பதை அப்போது யாரும் கவனிப்பதில்லை.

அடுத்த அறை ஒலிக்கானது. சிலரை அழைத்து ஆளுக்கொரு பொருளைக் கையில் கொடுப்பார்கள். கொட்டாங்கச்சி இரண்டைத் தட்டினால் குளம்பொலி; தகரத் தகட்டை உதறினால் இடி. திரையில் ஓடும் காட்சியைப் பார்த்து அவர்கள் ஒலியெழுப்ப, அது பதிவாகும். கோடம்பாக்கத்து ஒலிப்பதிவுக் கூடங்களில் ‘எஃபெக்ட்ஸ்’ என்று அழைக்கப்படும் இந்த வேலைக்கு உலக அளவில் வழங்கும் பெயர் ஃபோலி. பேசும் படம் வந்த புதிதில், 1929இல், யுனிவர்சல் நிறுவனத்தின் ‘ஷோ போட்’ படத்துக்கு இம்முறையில் ஒலி சேர்த்த ஜாக் ஃபோலியின் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது.

மூன்றாம் அறையில் படமும் ஒலியும் இணைந்து திரையில் ஓடும். அசல் படத்தின் கொள்ளையர் துரத்தும் துண்டுகளுக்கு நடுவே, சற்றுமுன் நகராத வண்டியில் உட்கார்ந்திருந்த பெண் தலைதெறிக்க வண்டியோட்டி வருவார். மேடையில் சிரித்த கூட்டம் திரையில் காட்சியை நம்பிப் பார்க்கும். சட்டகம், வெட்டு, ஒலி ஆகிய மூன்றும் சேர்ந்து ஓர் அசைவை உண்டாக்குவதைப் பாடமாகச் சொல்லாமல் சில நிமிடங்களில் உணர்த்திவிடுவதே இந்நிகழ்ச்சியின் சிறப்பு. ‘ஷோலே’யைப் பார்த்திராத தலைமுறை வந்துவிட்டபோதும் அந்தக் காட்சி மாற்றப்படாமலிருக்க அதன் எளிமை ஒரு காரணம்: ஒரு நடிகை, ஒரு வண்டி, இரண்டு மூன்று ஒலிகள் போதும்.

இப்பகுதியிலேயே உள்ள ‘ஃபில்மி துனியா’ ஓர் இருட்டுச் சவாரி. சிறிய ஊர்திகளில் உட்கார்ந்து, வண்ண விளக்குகளில் மின்னும் ஊர்களின் சிற்றுருவங்களையும் அசையும் பொம்மைகளையும் கடந்து செல்லலாம். உயரமான கட்டடத்தில் இருக்கும்போது நிலநடுக்கம் வந்தாற்போன்ற அதிர்வை ஏற்படுத்தும் ‘ராமோஜி டவர்’, அசையும் தளத்தையும் பெருந்திரையையும் கொண்டு இயங்குகிறது.

வைல்ட் வெஸ்ட் சண்டைக் காட்சி

அமெரிக்கக் கௌபாய் படங்களின் மரவீடுகள் நிறைந்த தெரு ஒன்றின் முன் அடுக்கு இருக்கைகளில் பார்வையாளர்கள் அமர, சண்டைக் கலைஞர்கள் நடத்தும் நிகழ்ச்சி இது. துப்பாக்கிச் சூடு, மாடியிலிருந்து விழுதல், வெடிப்பு, முகத்தில் குத்து என அனைத்தும் நகைச்சுவையோடு நடக்கும்.

இந்த வகை நிகழ்ச்சிகள் உலகெங்கும் ஏறக்குறைய ஒரே இலக்கணத்தில் இயங்குகின்றன. துப்பாக்கியில் குண்டு இருக்காது, சத்தம் மட்டும் எழும். குத்து முகத்தில் படாது. பார்ப்பவரின் கோணத்தில் கை முகத்தைக் கடக்கும் அதே நொடியில் அடிபடுபவர் தலையைத் திருப்ப, ஒலியும் ஒலிபெருக்கியில் வரும். உடையும் கைப்பிடிகளும் நாற்காலிகளும் லேசான மரத்தில் முன்கூட்டியே வெட்டுப் போட்டு வைக்கப்பட்டிருக்கும். விழுபவருக்குக் கீழே, பார்வையாளர் கண்ணில் படாத இடத்தில், மெத்தை இருக்கும். சினிமாவில் ஒரு குத்து தவறினால் இன்னொரு ‘டேக்’ போகலாம்; இங்கே அது கிடையாது. ஒரே நாளில் பலமுறை, அதே இடத்தில் அதே அளவு தள்ளி விழ வேண்டும். தமிழ்ப் படங்களின் சண்டைக் கலைஞர்கள் ‘டைமிங்’ என்று சொல்லும் திறமையின் கடும் சோதனை இது.

பிற நிகழ்ச்சிகள்

‘ஸ்பிரிட் ஆஃப் ராமோஜி’ இந்திய மாநிலங்களின் நடனங்களும் உடல்வித்தைகளும் கலந்த மேடை நிகழ்ச்சி. புற ஊதா விளக்கில் மட்டும் ஒளிரும் வண்ணங்களைப் பூசிய உருவங்களைக் கருப்பு உடையணிந்த கலைஞர்கள் இருட்டில் இயக்கும் கருஒளி நிகழ்ச்சியும் உண்டு. உருவம் மட்டுமே தெரியும், இயக்குபவர் தெரியமாட்டார். நம் தோற்பாவைக் கூத்தில் திரைக்குப் பின்னால் ஆள் மறைவதைப் போல, இங்கே ஆள் இருட்டுக்குள் மறைகிறார். குழந்தைகளுக்கான ‘ஃபண்டுஸ்தான்’ பகுதியில் சிறு சவாரிகள் இருக்கின்றன. ‘போராசுரா’ என்பது மந்திரவாதியின் குகையாக அமைக்கப்பட்ட, நடந்து செல்லும் திகில் வழி. சாகச விளையாட்டுகளுக்கு ‘சாஹஸ்’ என்ற தனிப்பகுதி உள்ளது. ஆண்டின் இறுதியை ஒட்டிய குளிர்காலக் கொண்டாட்டத்தின்போது இரவு நிகழ்ச்சிகளும் ஊர்வலங்களும் சேர்க்கப்படுகின்றன.

நிலையான அரங்குகள்

பேருந்துச் சுற்றின் பெரும்பகுதி அரங்குகளைக் காட்டுவது. சாதாரண ஸ்டுடியோவில் ஒரு படம் முடிந்ததும் செட்டைப் பிரித்துவிடுவார்கள். மரச்சட்டமும் தட்டியும் அடுத்த படத்துக்குப் போகும். இங்கே பல அரங்குகள் நிரந்தரக் கட்டடங்களாகவே எழுப்பப்பட்டவை. ரயில் நிலையத்தில் ஊர்ப் பெயர்ப்பலகையை மாற்றினால் அது வேறு ஊராகிவிடும். விமான நிலையக் கட்டடத்தின் ஒரு முகப்பு விமான நிலையம், இன்னொரு முகப்பு மருத்துவமனை. சிறைச்சாலை, கிராமத் தெரு, ஐரோப்பிய நகரச் சாயல் கொண்ட வீதிகள், ஜெய்ப்பூரின் ஹவா மஹாலை நினைவூட்டும் மாளிகை, புராணப் படங்களுக்கான அரசவை ஆகியன வழியில் வரும். கோவிலும் உண்டு, ஆனால் கருவறை காலியாக இருக்கும். கதைக்கேற்ற சாமி சிலையைக் கொண்டுவந்து வைத்துக்கொள்வார்கள். வழிகாட்டி இதைச் சொல்லும்போது, கும்பிடக் கையெடுத்த பயணிகள் சிரித்தபடி கையை இறக்குவது வழக்கம்.

இக்கட்டடங்களின் அளவுகளும் கேமராவை மனத்தில் வைத்தே தீர்மானிக்கப்பட்டவை. கேமராவும் விளக்கும் உள்ளே நுழைய வசதியாகப் பக்கச் சுவர்கள் திறந்திருக்கும். பல வீடுகளுக்கு முன்புறம் மட்டுமே உண்டு. பின்னால் சென்றால் இரும்புக் குழாய்த் தாங்கிகள்தான். கருங்கல்போலத் தெரிவது பிளாஸ்டர் ஆஃப் பாரிஸாகவோ நாரிழைக் கலவையாகவோ இருக்கும். மேலே வண்ணம் பூசி, அழுக்கும் பாசியும் படிந்ததுபோல் தீட்டிப் பழமையேற்றுவார்கள். கலைத்துறையினர் ‘ஏஜிங்’ என்று சொல்லும் இந்தப் பூச்சுவேலையே ஓர் அரங்கின் நம்பகத்தன்மையைத் தீர்மானிக்கிறது. நேரில் பார்ப்பவருக்குப் பளிச்சென்று தெரியும் இணைப்புக்கோடுகள் கேமராவில் தெரிவதில்லை.

பாகுபலி அரங்கு

இன்று மிகுதியான கூட்டத்தை ஈர்ப்பது ‘பாகுபலி’யின் மகிழ்மதி அரங்கு. எஸ்.எஸ். ராஜமௌலி இயக்கத்தில் தமிழிலும் தெலுங்கிலும் எடுக்கப்பட்ட இப்படத்தின் முதல் பாகம் 2015 ஜூலை 10 அன்றும், இரண்டாம் பாகம் 2017 ஏப்ரல் 28 அன்றும் வெளியாயின. அரங்குகளை வடிவமைத்தவர் சாபு சிரில். சென்னையைத் தளமாகக் கொண்டு பல தமிழ்ப் படங்களுக்குக் கலை இயக்கம் செய்தவர் என்ற வகையில் தமிழ் ரசிகர்களுக்கு அறிமுகமானவர். படப்பிடிப்பு முடிந்த பின்னும் அரங்கைப் பிரிக்காமல் காட்சியகமாக்கி, அரண்மனை முற்றம், பெரிய சிலைகள், படத்தில் பயன்பட்ட பொருள்கள் ஆகியவற்றைப் பார்வைக்கு வைத்தார்கள்.

திரையில் கண்ட மகிழ்மதியை எதிர்பார்த்து வருபவர்களுக்கு முதலில் ஏமாற்றம்தான் ஏற்படும். திரையில் வானளாவிய கோபுரங்களும் மலையடிவாரம்வரை பரந்த நகரமும் தெரிந்தன. நேரில் இருப்பது நடிகர்கள் நடமாடிய கீழ்ப்பகுதி மட்டும். அதற்கு மேலும் அதற்கு அப்பாலும் இருந்தவை கணினியில் வரையப்பட்டவை. முதல் பாகத்தின் காட்சி விளைவுகளுக்காக வி. சீனிவாஸ் மோகன் தேசிய விருது பெற்றார். கட்டியது எங்கே முடிந்து கணினி எங்கே தொடங்கியது என்பதை அந்த இடத்திலேயே நின்று கண்ணால் அளந்துகொள்ள முடிவது இக்காட்சியகத்தின் உண்மையான பயன். முதலில் ஏமாந்தவர்கள்கூட இதைப் புரிந்துகொண்ட பின் படத்தை மறுபடி பார்க்க விரும்புவார்கள்.

தோட்டங்கள்

ஜப்பானியத் தோட்டம், முகலாயப் பாணித் தோட்டம், அஸ்கரி தோட்டம், போன்சாய் தோட்டம், நீரூற்றுகள், பறவைப் பூங்கா, வண்ணத்துப்பூச்சிப் பூங்கா ஆகியன இங்கே உள்ளன. இவற்றில் பல முதலில் பாட்டுக் காட்சிகளுக்காகவே உருவானவை. வெளிநாட்டில் எடுக்க வேண்டிய பாட்டைச் செலவில்லாமல் ஐதராபாத்திலேயே முடித்துக்கொள்ள 1990களின் இறுதியிலும் 2000களிலும் தயாரிப்பாளர்களுக்கு இவை கைகொடுத்தன. இன்று திருமணத்துக்கு முந்தைய படப்பிடிப்புக்கு வரும் இணைகள் அதே நீரூற்றுகளின் முன் நிற்கிறார்கள்.

இயங்கும் முறை

படப்பிடிப்புத் தளம் ஆண்டு முழுவதும் நிரம்பியிருக்காது. படம் இல்லாத நாளிலும் புல் வெட்ட வேண்டும், சுவருக்கு வண்ணம் அடிக்க வேண்டும், ஆட்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். சுற்றுலாக் கட்டணம், சித்தாரா, தாரா முதலிய விடுதிகள், திருமணங்கள், நிறுவனக் கூட்டங்கள் ஆகியவற்றின் வருவாய் அந்தச் செலவைத் தாங்குகிறது. பதிலுக்கு, இங்கே எடுக்கப்பட்டு வெற்றி பெறும் ஒவ்வொரு படமும் சுற்றுலாவுக்கு விளம்பரமாகிறது. ஈடிவி அலைவரிசைகளின் தொடர்களும் செய்திப் பிரிவும் இங்கிருந்தே இயங்குவதால் தளங்களுக்கு நிலையான வேலை கிடைக்கிறது. 2019இல் தமிழ் உள்ளிட்ட 13 மொழிகளில் தொடங்கிய ஈடிவி பாரத் செய்திச் சேவையின் தலைமையகமும் இதுவே. கொரோனாக் காலத்தில், 2020 மார்ச்சில், மூடப்பட்ட சுற்றுலாப் பகுதி 2021இல் மீண்டும் திறக்கப்பட்டது.

தமிழ்ப் படக்குழுக்கள் இவ்வளாகத்தை அடிக்கடி நாடுகின்றன. அஜித் குமாரின் ‘வலிமை’, ரஜினிகாந்தின் ‘அண்ணாத்த’ ஆகிய படங்களின் படப்பிடிப்பு இங்கே நடைபெற்றது. 2020 டிசம்பரில் ‘அண்ணாத்த’ குழுவினர் சிலருக்குக் கொரோனா தொற்று ஏற்பட்டதால் இங்கு நடந்துவந்த படப்பிடிப்பு நிறுத்தப்பட்டது. ரசிகர் கூட்டம் திரளாத மூடிய வளாகம் என்பது பெரிய நடிகர்களின் படங்களுக்கு இங்குள்ள முக்கிய வசதி. தமிழ்ப் படப்பிடிப்புகள் இப்படி இங்கே வருவதால், தென்னிந்தியத் திரைப்படத் தொழிலாளர் சம்மேளனத்தைச் (பெப்சி) சேர்ந்தவர்களின் வேலைவாய்ப்பு ஐதராபாத்துக்குப் போய்விடுகிறது என்ற மனக்குறை சென்னையில் அவ்வப்போது எழுகிறது.

ஒத்த வளாகங்கள்

சென்னை தரமணியில் தமிழ்நாடு அரசு 1994இல் தொடங்கிய திரைப்பட நகரம் பின்னர் எம்.ஜி.ஆர். பெயரைப் பெற்றது. ஏறத்தாழ 70 ஏக்கரில் அரங்குகளும் தோட்டங்களும் அமைத்துப் பொதுமக்களையும் அனுமதித்தார்கள். தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் பழைய மகாபலிபுரம் சாலையை நிறைத்தபோது அந்தக் கவர்ச்சி மங்கியது. அரசு திரைப்படக் கல்லூரி அங்கே தொடர்கிறது. செம்பரம்பாக்கம் அருகேயுள்ள ஈ.வி.பி. வளாகத்தின் பயணம் ராமோஜிக்கு நேர் எதிர்த் திசையிலானது: பொழுதுபோக்குப் பூங்காவாகத் தொடங்கி, படப்பிடிப்பு நகரமாக மாறியது. வடபழனி ஏ.வி.எம். வளாகத்தில் 2023 மே மாதம் திறக்கப்பட்ட பாரம்பரிய அருங்காட்சியகம் பழைய படப்பிடிப்புக் கருவிகளையும் கார்களையும் காட்டுகிறது. அங்கே நிகழ்ச்சிகள் இல்லை, பொருள்கள் உண்டு. பூந்தமல்லி அருகே 500 கோடி ரூபாயில் நவீனத் திரைப்பட நகரம் அமைக்கப்படும் என்று தமிழ்நாடு அரசு 2024இல் அறிவித்தது.

கர்நாடகத்தில் பிடதியில் இயங்கிவந்த இன்னோவேட்டிவ் ஃபிலிம் சிட்டியும், இலங்கையில் அம்பாந்தோட்டை மாவட்டத்து ரன்மினிதென்ன தொலைக்காட்சி – திரைப்படக் கிராமமும் இதே வகையைச் சேர்ந்தவை. தமிழர் அதிகம் செல்லும் சிங்கப்பூர் யுனிவர்சல் ஸ்டுடியோஸ் (செந்தோசா, 2010) முற்றிலும் பூங்கா மட்டுமே. படப்பிடிப்புத் தொழிலின் இடமாக அது இயங்கவில்லை. சவாரிகளின் தொழில்நுட்பத்தில் அது ராமோஜியைவிடப் பல படி முன்னே நிற்கிறது. ஆனால் உண்மையான படப்பிடிப்புத் தளத்தில் நிற்கிறோம் என்ற உணர்வை ராமோஜியே தருகிறது.

புதுச்சேரித் தொடர்பு

மேற்கண்ட ஊர்களைப் போலன்றி, புதுச்சேரியில் திரைப்படப் பூங்கா இல்லை. நகரமே அரங்காகப் பயன்படுகிறது. கடற்கரைச் சாலையும் பிரெஞ்சுக் காலத் தெருக்களும் எண்ணற்ற தமிழ்ப் படங்களில் இடம்பெற்றுள்ளன. ஆங் லீ இயக்கிய ‘லைஃப் ஆஃப் பை’ (2012) படத்தின் தொடக்கப் பகுதிகள் இங்கே எடுக்கப்பட்டன. அதே படத்தின் கடல் காட்சிகள் தைவானின் தைச்சுங் நகரில், பயன்பாட்டில் இல்லாத விமான நிலையத்தில் கட்டப்பட்ட அலைத்தொட்டியில் படமாயின. புதுச்சேரியின் லாஸ்பேட்டையை அடுத்த கருவடிக்குப்பத்தில் நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் சமாதி உள்ளது. அவர் பெயரிலேயே புதுவை அரசு திரைப்பட விருது வழங்குகிறது. 

இங்கிருந்து ராமோஜி திரைப்பட நகரத்துக்குச் செல்வோருக்குப் பயன்படும் புதுச்சேரி விமான நிலையம் லாஸ்பேட்டையில் அமைந்துள்ளது. சுமார் 1,500 மீட்டர் நீள ஓடுபாதையே இருப்பதால் சிறிய விசிறி விமானங்கள் மட்டும் இயங்குகின்றன. 2017 ஆகஸ்டில் இங்கிருந்து ஐதராபாத்துக்கு மத்திய அரசின் உதான் பிராந்திய விமானத் திட்டத்தில் சேவை தொடங்கியது. இடையில் நின்றுபோன சேவை, இண்டிகோ நிறுவனத்தின் மூலம் 2024 டிசம்பர் 20 அன்று மீண்டும் வந்தது. ஐதராபாத்தின் ஷம்ஷாபாத் விமான நிலையத்திலிருந்து வெளிவட்டச் சாலை வழியாகப் பெத்த அம்பர்பேட் சென்று விஜயவாடா நெடுஞ்சாலையைப் பிடித்தால், நகர நெரிசலுக்குள் நுழையாமலே திரைப்பட நகரத்தை அடையலாம். ரயிலில் செல்வோர் செங்கல்பட்டிலிருந்து காச்சிகுடா விரைவு ரயிலைப் பிடிக்கலாம், ஐதராபாத் எல்.பி. நகரிலிருந்து நகரப் பேருந்துகள் உள்ளன.

பாதுகாப்பும் விமர்சனங்களும்

திரைப்பட வளாகம் என்பது கனரக இயந்திரங்களும் உயரமான சாரங்களும் நிறைந்த தொழிற்கூடம். 2020 பிப்ரவரி 19 அன்று சென்னை ஈ.வி.பி. வளாகத்தில் ‘இந்தியன் 2’ படப்பிடிப்பின்போது பளுதூக்கி சரிந்து மூவர் உயிரிழந்தனர். ராமோஜி திரைப்பட நகரில் 2024 ஜனவரியில் நடந்த தனியார் நிறுவன விழாவில், மேலிருந்து மேடைக்கு இறக்கப்பட்ட கூண்டின் இரும்புக் கயிறு அறுந்து அந்நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரி இறந்தார். கண்ணைக் கவரும் மேடை உத்திகளுக்குத் தொழிற்சாலைக்குரிய சோதனையும் தணிக்கையும் வேண்டும் என்பதை இவ்விபத்துகள் வலியுறுத்தின.

பார்வையாளர்கள் கூறும் குறைகள் வேறு வகையானவை: நிகழ்ச்சிகள் பல ஆண்டுகளாக மாறாமலிருப்பது, விடுமுறை நாளின் நீண்ட வரிசை, உள்ளே உணவின் விலை, நிழல் குறைந்த நடைவழிகள். வழிகாட்டிகள் பெரும்பாலும் தெலுங்கிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் விளக்குவதால், தமிழ் மட்டும் அறிந்தவர்கள் சில விளக்கங்களைத் தவறவிடுகிறார்கள்.

பார்வையாளர்களுக்கு

பூங்கா காலை 9 மணி அளவில் திறக்கப்பட்டு மாலையில் மூடப்படுகிறது. ஒரே நாளில் அனைத்தையும் பார்த்துவிட முடியாது. ஏப்ரல், மே மாதங்களில் ஐதராபாத் வெயில் 40 டிகிரியைத் தொடுவதால் நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஏற்ற காலம். நிகழ்ச்சிகள் குறித்த நேரங்களில் மட்டுமே நடப்பதால், உள்ளே நுழைந்ததும் அன்றைய நேர அட்டவணையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். திரைப்படத் தொழிலை அறியும் நோக்கத்தோடு செல்பவர்கள் முதலில் மூவி மேஜிக்கைப் பார்த்துவிட்டு, அதன்பின் அரங்குப் பேருந்தில் ஏறுவது நல்லது. கேமரா எதை மறைக்கிறது என்பதைத் தெரிந்துகொண்ட பிறகு பார்த்தால்தான் அரங்குகளின் கட்டுமானம் விளங்கும்.